பாஹோம் நடந்த நாற்பது வெர்ஸ்ட்

கணக்குப் புத்தகத்து ராமுவுக்கு ஆசை என்று ஒன்று கிடையாது. பன்னிரண்டு மாம்பழம் வாங்குவான். ஐந்தைத் தம்பிக்குக் கொடுப்பான். மீதி எத்தனை என்று நம்மைக் கேட்பான். அவனுக்கு மாம்பழம் பிடிக்குமா, தம்பிக்குக் கொடுக்க மனசு வந்ததா, கொடுத்த ஐந்தில் அழுகல் இருந்ததா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. விடை ஏழானாலும் எட்டானாலும் ராமுவுக்கு ஒன்றும் ஆகிவிடாது. இது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். அதனால் அவர்கள் அந்த வாக்கியங்களைப் படிப்பதில்லை. எண்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறார்கள். ‘மீதி’ என்று கண்ணில் பட்டால் கழிக்கிறார்கள், ‘மொத்தம்’ என்று பட்டால் கூட்டுகிறார்கள்.

பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1980 வாக்கில் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன. கப்பல் தலைவருக்கு என்ன வயது? பெரும்பாலான பிள்ளைகள் தயங்காமல் 36 என்று எழுதினார்கள். இதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கில் வரும் ஆள் யார், அவருக்கு என்ன நேரும் என்றெல்லாம் கேட்கக் கூடாது என்று பள்ளிக்கூடம்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அந்தப் பாடத்தை அவர்கள் ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள்.

கதை வழியாகக் கணிதம் கற்பிப்பது பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தோடு கதையும் பாட்டும் விளையாட்டும் தொடக்க வகுப்புகளுக்குள் வந்திருக்கின்றன. மனதார வரவேற்கிறேன். ஆனால் கணக்கின் மேல் கதையைப் பூசுவது வேறு. கணக்கே கதையின் முடிச்சாக இருப்பது வேறு. ராமுவின் இடத்தில் ஒரு முயலையும் மாம்பழத்தின் இடத்தில் கேரட்டையும் வைத்து வண்ணப் படம் போட்டால் அது கதையாகிவிடாது. அந்த முயல் எண்ணத் தவறினால் அதற்கு என்ன ஆகும் என்ற பதைப்பு பிள்ளைக்கு வர வேண்டும். அப்போதுதான் பிள்ளை தானாக எண்ணத் தொடங்கும்.

வடிவியலில் இது இன்னும் கடினம். எண்களுக்குக் கதை எளிதில் அமைகிறது. ஒருவர் வருவார், பின்னாலேயே இன்னொருவர் வருவார், கூட்டம் பெருகும். எண்ணிக்கையும் கதையும் ஒரே திசையில் போகும். வடிவம் அப்படி வரிசையில் வருவதில்லை, ஒரே பார்வையில் முழுசாக நிற்கிறது. நிற்கிற ஒன்றைக் கதையாக்க வேண்டுமானால் யாராவது அதைச் சுற்றி நடந்தாக வேண்டும். அப்படி நடந்தவன் பாஹோம்.

டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட ‘ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும்?’ என்ற கதையைத் தமிழில் படித்தவர்கள் ஏராளம். பாஹோம் ஒரு ருஷ்ய விவசாயி. கொஞ்சம் நிலம் வாங்குகிறான்; போதவில்லை. இன்னும் வாங்குகிறான், அதுவும் போதவில்லை. தூரத்தில் பாஷ்கீர்களின் புல்வெளியில் நிலம் மலிவாகக் கிடைப்பதாகக் கேள்விப்பட்டுப் போகிறான். அங்கே விலை விசித்திரமானது: ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபிள். சூரியன் உதிக்கையில் கிளம்பி, அஸ்தமிப்பதற்குள் எவ்வளவு நிலத்தைச் சுற்றி வருகிறானோ அவ்வளவும் அவனுக்கு. திருப்பங்களில் மண்வெட்டியால் குழி தோண்டி அடையாளம் வைக்க வேண்டும். கிளம்பிய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். இருட்டுவதற்குள் வரவில்லை என்றால் பணமும் போச்சு, நிலமும் போச்சு. ஒரு மேட்டின் உச்சியில் பாஷ்கீர் தலைவர் தன் நரித்தோல் குல்லாயைக் கழற்றி வைக்கிறார். அதுதான் தொடக்கம், அதுதான் முடிவு.

பாஹோம் நடக்கிறான். போகப் போக மண் நன்றாக இருக்கிறது. திரும்ப மனம் வரவில்லை. வெர்ஸ்ட் என்பது பழைய ருஷ்ய தூர அளவு. ஐந்து வெர்ஸ்ட் போனவன் இன்னும் ஐந்து போகிறான். இடப்பக்கம் திரும்பி அந்தப் பக்கமும் வெகுதூரம் நடக்கிறான். வெயில் ஏறிவிட்டது. மூன்றாவது பக்கத்தில் இரண்டே வெர்ஸ்ட் போனதும் சூரியனைப் பார்க்கிறான். மேட்டுக்கு இன்னும் பதினைந்து வெர்ஸ்ட் இருக்கிறது. நிலம் கோணலாகப் போனாலும் பரவாயில்லை என்று நேராக மேட்டை நோக்கி நடக்கிறான். பிறகு ஓடுகிறான். குல்லாயைத் தொட்டுவிடுகிறான். வாயில் ரத்தம் வர அங்கேயே விழுந்து சாகிறான். அவனுடைய வேலையாள் ஆறடிக் குழி வெட்டி அவனைப் புதைக்கிறான்.

இந்தக் கதையைக் கணக்குப் பாடமாகப் படித்தவர் யாக்கோவ் பெரல்மான். சோவியத் புத்தகங்கள் மலிவு விலையில் தமிழ்நாட்டுக்கு வந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1882இல் பிறந்தவர், 1942இல் லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியால் இறந்தார். வடிவியலைப் பற்றி 1920களில் அவர் எழுதிய புத்தகத்தில் பாஹோமின் நடைக்கு ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறார். டால்ஸ்டாய் முதல் பக்கத்தின் நீளம் சொல்கிறார்: 10. மூன்றாவது பக்கம்: 2. நான்காவது: 15. இரண்டாவது பக்கத்தில் வெகுதூரம் நடந்தான் என்கிறாரே தவிர எவ்வளவு என்று சொல்லவில்லை. பெரல்மான் அதைக் கண்டுபிடிக்கிறார். முதல் இரண்டு திருப்பங்களும் செங்கோணம் என்று வைத்துக்கொண்டால், பாஹோமின் நிலம் ஒரு சரிவகம். பத்தில் இரண்டு போக எட்டு. எட்டும், சாய்ந்த பக்கமான பதினைந்தும் தெரிந்தால் பிதாகரஸ் தேற்றம் மூன்றாவதைக் கொடுத்துவிடும்: 225இலிருந்து 64 போக 161, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 13.

கதாசிரியர் சொல்லாமல் விட்ட ஒன்றை, அவர் சொன்னவற்றைக் கொண்டே வாசகர் கண்டுபிடித்துவிட முடிகிறது. பாஹோம் அந்தப் பக்கம் பதின்மூன்று வெர்ஸ்ட் நடந்தான். கதையில் எழுதியிராவிட்டாலும் நடந்தான். எனக்கு இது இலக்கிய அனுபவமாகவும் படுகிறது, கணித அனுபவமாகவும் படுகிறது. எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் வரும்போது சுவரில் சாத்திய ஏணியைத்தான் காட்டுகிறோம். ஏணி எதற்குச் சாத்தப்பட்டது, யார் ஏறப்போகிறார் என்று ஒரு வார்த்தை கிடையாது.

மொத்தம் 10, 13, 2, 15: நாற்பது வெர்ஸ்ட். ஒரு வெர்ஸ்ட் என்பது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். ஆக பாஹோம் அன்றைக்கு நடந்தது 42 கிலோமீட்டருக்கு மேல். இன்றைய மாரத்தான் ஓட்டத்தின் தூரம், அதுவும் மண்வெட்டியோடு. கிடைத்த நிலம் 78 சதுர வெர்ஸ்ட். நம் கணக்கில் சுமார் 22,000 ஏக்கர். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்படி சொன்னால் 3,300 வேலி.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் தாழ்வாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக்காட்டுகிறேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கலந்து உட்காருவார்கள். பாஹோம் கதையை முடித்ததும் ஆளுக்கொரு சணல் நூலை நாற்பது சென்டிமீட்டர் அளந்து வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டிக் கொடுத்தேன். ஒரு சென்டிமீட்டர் ஒரு வெர்ஸ்ட். சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாளின் மேல் நூலை வைத்து, மூலைக்கு மூலை குண்டூசி குத்தி, உள்ளே எத்தனை கட்டம் சிக்குகிறது என்று எண்ண வேண்டும். பாஹோமைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ‘பரப்பளவு’ என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை.

முதலில் எல்லோரும் சொன்னது ஒன்றே: “நூல் ஒண்ணுதானேக்கா, எப்படி வெச்சாலும் இடமும் ஒண்ணாத்தான் இருக்கும்.” இதைப் பிழை என்று உடனே திருத்தத் துடிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி: இது மனித குலத்தின் பழைய நம்பிக்கை. ஐந்தாம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ், நிலத்தைப் பங்கு பிரிக்கையில் சுற்றளவு பெரிதாக உள்ள துண்டைப் பெருந்தன்மையோடு மற்றவருக்குக் கொடுத்துவிட்டு, பரப்பு பெரிதாக உள்ளதைத் தாங்கள் வைத்துக்கொண்டவர்களைப் பற்றிச் சொல்கிறார். ஏமாந்தவர்கள் பெரியவர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது சட்டென்று தெரிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

பிறகு நூல் பேசத் தொடங்கியது. ஒருவன் நீளவாக்கில் இழுத்து, 19க்கு 1 என்று ஒரு சந்து செய்தான். உள்ளே பத்தொன்பதே கட்டம். “இவ்ளோ நடந்து சந்துதான் கெடச்சுதா” என்று பக்கத்திலிருந்தவன் கேட்டான். 15க்கு 5: எழுபத்தைந்து. 12க்கு 8: தொண்ணூற்றாறு. 10க்கு 10: நூறு. ஒரு சிறுமி பாஹோமின் வழியையே அப்படியே குத்திப் பார்த்தாள்: பத்து, பதின்மூன்று, இரண்டு, பிறகு நேராக மேட்டுக்கு. கடைசி ஊசியை எட்டுவதற்குள் நூல் இறுகிவிட்டது. கால் சென்டிமீட்டர் குறைந்தது. அவள் நிமிர்ந்து, “நூல் பத்தலக்கா. அதனாலதான் செத்துட்டான்” என்றாள்.

அது பதின்மூன்று என்று முழுசாக்கிக்கொண்டதால் வந்த வித்தியாசம். உண்மையான எண் 12.7க்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அவள் சொன்னதைவிடச் சரியாக அந்தக் கதையைச் சொல்ல எனக்குத் தெரியாது. சுற்றளவு தீர்ந்துபோவது என்றால் என்ன என்று அவள் விரல் அறிந்துகொண்டது.

இன்னொன்றும் தெரியவந்தது. சமபக்க முக்கோணமாக நூலை வைத்தால் 77 கட்டம் கிடைக்கிறது. பாஹோமுக்குக் கிடைத்தது 78. மூன்றாம் பக்கத்தை அவ்வளவு சின்னதாக வெட்டியதில் அவன் நிலம் நாலு பக்கம் உள்ளதுபோலத் தெரிந்தாலும், கணக்குக்கு ஒரு முக்கோணமாகவே ஆகிவிட்டது. சதுரத்துக்கு 100, ஒழுங்கான அறுகோணத்துக்கு 115, வட்டத்துக்கு 127. வட்டத்தை ஒரு பிஸ்கட் டப்பா மூடியைச் சுற்றிப் போட்டார்கள். ஓரத்தில் அரையும் காலுமாக உடைந்த கட்டங்களை எண்ணுவதில் பெரிய சண்டை நடந்தது. ‘கணக்கதிகாரம்’ எழுதிய காரி நாயனார் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு. சுற்றளவில் பாதி 20. விட்டத்தை ஸ்கேலில் அளந்து பாதியாக்கினால் 6.4 போல வருகிறது. பெருக்கினால் 128. சண்டை தீர்ந்தது. சுவடியில் பாட்டாக எழுதி மனனம் செய்யப்பட்ட ஒரு சூத்திரத்துக்கு அன்றைக்கு வேலை இருந்தது.

“வட்டமா எப்படிக்கா நடப்பான்? நடுவுல யாராவது கயிறு புடிச்சாத்தானே முடியும்?” என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. கதையின் விதிப்படி குழிக்குக் குழி நேராகத்தான் உழுது எல்லை போடுவார்கள். எத்தனை குழி வெட்டுகிறானோ அத்தனை பக்கம். அப்படியானால் அவன் அதிகக் குழி வெட்டியிருக்க வேண்டும், ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் குழி வெட்ட நேரம் பிடிக்கும். எத்தனை குழி வெட்டினால் லாபம், எதற்கு மேல் நஷ்டம்? நான் சொல்லிக் கொடுக்காமலே பேச்சு இங்கே வந்து நின்றது. உயர்கணிதத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது. தாழ்வாரத்தில் அதற்குப் பெயர் தேவைப்படவில்லை.

இந்தக் கதையைத் தமிழ் வகுப்பில் எப்படி நடத்துவார்கள் என்று நமக்குத் தெரியும். கடைசியில் நீதி: பேராசை பெருநஷ்டம். டால்ஸ்டாய்க்கும் அதுதான் நோக்கம். பெரல்மானின் எண்களை வைத்துக்கொண்டு பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பக்கத்துக்கு ஒன்பது வெர்ஸ்டாக ஒரு சதுரம் நடந்திருந்தால் பாஹோம் நடந்திருக்க வேண்டியது 36 வெர்ஸ்ட்தான். கிடைத்திருக்கும் நிலம் 81. நாலு வெர்ஸ்ட் குறைவாக நடந்து, இன்னும் அதிகம் பெற்றிருப்பான். நாலு வெர்ஸ்ட் என்றால் முக்கால் மணி நேரத்துக்கு மேற்பட்ட நடை. வெயில் தாழ, மூச்சு வாங்காமல், உயிரோடு திரும்பியிருப்பான். அதே ஆசைதான். பேராசைக்காரன்தான். ஆனால் சதுரம் தெரிந்த பேராசைக்காரன் பிழைத்துக்கொண்டிருப்பான்.

இதை நான் டால்ஸ்டாய்க்கு எதிராகச் சொல்லவில்லை. அவர் கணக்குத் தெரியாதவர் அல்ல. யாஸ்னயா போல்யானாவில் 1859இல் விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். 1872இல் அவர் வெளியிட்ட அரிச்சுவடியில் எண்கணிதமும் உண்டு. அவர் எண்களைச் சும்மா எழுதவில்லை. எழுதியிருந்தால் அவர் சொன்ன மூன்று நீளங்களும் ஒரு மூடிய வடிவத்தில் பொருந்தாமலே போயிருக்கலாம். நீதியைச் சொன்னவுடன் கதையை மூடிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். நீதிக்குக் கீழே இன்னொரு கதை நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டினால் நீதி கெட்டுப்போய்விடாது. “ஒன்பது ஒன்பதா நடந்திருந்தா அடுத்த நாளும் ஆயிரம் ரூபிள் குடுத்து நடப்பானே, அவன் நிறுத்த மாட்டான்” என்றாள் நூல் போதவில்லை என்று சொன்ன அதே சிறுமி. டால்ஸ்டாய் சொல்ல வந்தது அவளுக்குக் கணக்கின் வழியாகவே கிடைத்துவிட்டது.

கதையின் கடைசிப் பக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாஹோம் மேட்டின் அடிவாரத்துக்கு வருகையில் சூரியன் மறைந்துவிடுகிறது. எல்லாம் வீண் என்று நிற்கப் போகிறான். மேலே பாஷ்கீர்கள் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அப்போது அவனுக்கு உறைக்கிறது: கீழே இருக்கிற எனக்குத்தான் சூரியன் மறைந்தது, உச்சியில் இருப்பவர்களுக்கு இன்னும் தெரியும். ஏறி ஓடுகிறான். அடிவானம் நிற்கிற உயரத்தைப் பொறுத்து விலகும் என்பது வடிவியல். அந்த ஒரு வடிவியல் உண்மைதான் அவனை மேலே இழுத்துப் போய்க் கொல்கிறது. கணக்கே கதையின் முடிச்சாக இருப்பது என்று நான் சொல்வது இதைத்தான். மாலையில் மொட்டை மாடிக்கும் தெருவுக்கும் மாறி மாறி ஓடிப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் ஓடுவார்கள், பார்த்தும் விடுவார்கள்.

நம் நாட்டில் இந்த வழி புதிதல்ல. பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதியில் ஒரு மயில் ஒன்பது முழத் தூணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தூணின் அடியில் பாம்புப் புற்று. இருபத்தேழு முழ தூரத்திலிருந்து பாம்பு புற்றை நோக்கி வருகிறது. மயில் சாய்வாகப் பாய்கிறது. இருவரும் ஒரே வேகம். புற்றுக்கு எவ்வளவு தொலைவில் பாம்பு பிடிபடும்? நாலே வரியில் சொல்லக்கூடிய விஷயம், ஆனால் ராமு கணக்கல்ல. இங்கே ஓர் உயிர் தப்பப் பார்க்கிறது, இன்னொன்று பசியோடு இருக்கிறது. சமன்பாடு தெரியாத பிள்ளையும் தாளில் வரைந்து அளந்து பார்க்கலாம். புற்றுக்குப் பதினைந்து முழத்தில் குறிவைத்தால் மயில் பதினேழரை முழம் பறக்க வேண்டும். பாம்போ அந்த இடத்துக்குப் பன்னிரண்டு முழத்திலேயே வந்து கடந்துபோயிருக்கும். பத்து முழத்தில் குறிவைத்தால் மயில் முன்னாலேயே வந்துவிடும். பாம்பு பார்த்துத் திரும்பிவிடும். பன்னிரண்டில் இரண்டும் பதினைந்து முழம். இப்படித் தப்பும் தவறுமாகத் தேடுவதை நான் சூத்திரத்துக்குக் குறைந்ததாக நினைக்கவில்லை. சூத்திரம் எதற்கு வேண்டும் என்ற தவிப்பு இந்தத் தேடலில்தான் பிறக்கிறது.

மாபலியிடம் மூன்றடி மண் கேட்ட வாமனன் கதையும் அளவுகளின் கதைதான். எந்தப் பிள்ளையிடம் சொன்னாலும் வரும் கேள்வி, “யாரு காலால மூணு அடி?” அலகை முதலில் பேசி முடிக்காமல் அளக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. சோழர் காலத்தில் நிலம் அளந்த கோலுக்கு ‘உலகளந்த கோல்’ என்று பெயர் வைத்தவர்களுக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருந்தது. சாணும் முழமும் ஆளுக்கு ஆள் மாறும். ஊருக்குப் பொதுவாக ஒரு கோல் வேண்டும். கணக்குப் பாடம் அலகுகளின் பட்டியலில் தொடங்குவதற்குப் பதிலாக மாபலியின் வாக்குறுதியில் தொடங்கலாம்.

சின்னப் பிள்ளைகளுக்குப் படக் கதைகள்தான் வடிவியலின் முதல் வாசல். பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட ‘ரோஸியின் நடை’ முழுவதும் 32 சொற்கள்தான். ஒரு கோழி முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போரின் மேலேறி, வேலிக்குள் நுழைந்து, தேன்கூடுகளுக்கு அடியில் போய் வீடு திரும்புகிறது. பின்னாலேயே ஒரு நரி வருகிறது. நரியைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு சொல்கூட இல்லை, படத்தில் மட்டும்தான் இருக்கிறது. கோழி எந்த வழியில் போகிறதோ அந்த வழிதான் நரியை விழவைக்கிறது. மேலே, கீழே, ஊடே, சுற்றி என்பதெல்லாம் அங்கே உயிர் பிழைக்கும் வழிகள். ஜப்பானின் மிட்சுமாசா அன்னோ, தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1975இல் வந்த அவருடைய எண்ணும் புத்தகத்தின் முதல் விரிப்பில் பனி மூடிய வெற்று நிலம். அதுதான் பூஜ்யம். அடுத்தடுத்த பக்கங்களில் அங்கே ஒரு வீடு, பிறகு இரண்டு, மூன்று என்று ஊர் பெருகுகிறது. எதை எண்ண வேண்டும் என்று அன்னோ சொல்வதே இல்லை. குழந்தை தேடி எண்ணுகிறது.

எனக்கு ஒப்புதல் இல்லாத புத்தகமும் ஒன்று உண்டு. மர்லின் பர்ன்ஸ் 1994இல் எழுதிய, பல நாட்டு ஆசிரியர்கள் விரும்பிப் பயன்படுத்தும் பேராசைக்கார முக்கோணத்தின் கதை. முக்கோணத்துக்குத் தன் வேலை அலுத்துவிடுகிறது. இன்னொரு பக்கமும் இன்னொரு கோணமும் கேட்கிறது. நாற்கோணமாகிறது, ஐங்கோணமாகிறது, ஆசை அடங்காமல் பக்கங்கள் கூடிக்கொண்டே போகின்றன. கடைசியில் நிலைகொள்ளாமல் உருண்டுபோய், மனம் திருந்தி மறுபடி முக்கோணமாகிறது. வடிவங்களின் பெயர் கற்றுத்தர உதவும், சந்தேகமில்லை. ஆனால் அந்த முக்கோணத்தின் ஆசையைப் புத்தகம் தப்பென்று சொல்லும்போது என் மனம் நூலை நினைக்கிறது. சுற்றளவு மாறாதபோது ஒழுங்கான வடிவங்களில் பக்கம் கூடக் கூட இடம் கூடும்: 77, 100, 115. முக்கோணம் ஆசைப்பட்டதில் நியாயம் இருந்தது. அது திரும்பி வந்ததற்கும் உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. மூன்று குச்சிகளை முனையில் ஆணியடித்துச் சேர்த்தால் அசையாது, நாலு குச்சியைச் சேர்த்தால் சாய்ந்துவிடும். கூரையைத் தாங்குவது அதனால்தான். புத்தகத்தில் முக்கோணம் கூரையைத் தாங்குகிறது. ஆனால் கதையின் முடிவை அது தீர்மானிக்கவில்லை, ‘நீ நீயாக இரு’ என்ற உபதேசம் தீர்மானிக்கிறது. கையில் கிடைத்த கணிதத்தை நழுவவிட்ட கதை அது.

நம் பள்ளிகளில் கதைக்கு ஒரு பீரியட், கணக்குக்கு ஒரு பீரியட். தமிழாசிரியர் பாஹோமை முடித்து மணி அடித்ததும் கணக்காசிரியர் உள்ளே வந்து, சரிவகத்தின் பரப்பளவு காண்க என்கிறார். இருவரும் ஒரே நிலத்தைப் பற்றித்தான் பேசினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல யாரும் இல்லை. கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’ தமிழில் எத்தனையோ ஆசிரியர்களின் மேசையில் இருக்கிறது. அதில் வரும் ஆசிரியர் வகுப்பைத் தன்வசமாக்குவது கதையால்தான்; அது 1930களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. அந்த ஆசிரியரைப் பாராட்டாதவர் இல்லை. அவரைக் கணக்கு பீரியடுக்குள் விடுவதற்குத்தான் நமக்கு இன்னும் தயக்கம்.

தமிழில் சிறார் கதை எழுதும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். எண்ணிக் காட்டும் கதைகள் நம்மிடம் வந்துகொண்டிருக்கின்றன. வடிவத்தால் முடிச்சு விழுந்து வடிவத்தால் அவிழும் கதைகள் என் கண்ணில் அதிகம் படவில்லை. நம் ஊர்களில் அதற்குப் பஞ்சமா? ஒரு வரப்புத் தகராறை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் உள்ளபடி நாலு பக்கத்தின் நீளமும் அப்படியே சரியாக இருக்கிறது. ஆனால் விளைச்சல் குறைந்திருக்கிறது, பாட்டி புலம்புகிறாள். நாலு பக்கமும் மாறாமலே ஒரு வயல் சாய்ந்து சுருங்க முடியும். மூலைக்கு மூலை குறுக்கே ஒரு கோடு அளந்தால்தான் குட்டு வெளிப்படும். சர்வேயர் வைத்திருக்கும் புலப்படத்தில் நிலம் முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். அந்தக் குறுக்குக் கோட்டை அளக்க வேண்டும் என்று முதலில் சொல்வது பேத்தியாக இருக்கட்டும். இப்படி ஒரு கதையை யாராவது எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் நீதியும் வேண்டாம், பயிற்சி வினாக்களும் வேண்டாம்.